நம் ஊர்க் கல்லும் பாடம் சொல்லும்

சல்லி உடைத்து என்னைப் படிக்க வைப்பவர் என் தந்தை. இராசபாளையத்துக் கல்லில் தெரியும் சிவப்புப் பொட்டுகளை அவர் அம்மைத் தழும்பு என்பார். அவை கார்னெட் என்னும் கனிமம் என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன்.

களிமண் படிவுகள் பூமியின் ஆழத்தில் புதையுண்டு உருமாறும்போது கார்னெட் பிறக்கிறது. அதில் இரும்பும் மெக்னீசியமும் கலந்திருக்கும். வெப்பம் ஏற ஏற, பொதுவாக மெக்னீசியத்தின் பங்கு கூடும். இந்த விகிதத்தை அருகிலுள்ள கனிமங்களோடு ஒப்பிட்டே, நம் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 900 டிகிரி செல்சியசுக்கும் மேல் வெந்தவை என்று அறிஞர்கள் கணித்தனர்.

அயல்நாட்டார் தேடிவந்து ஆராய்ந்த கல், நம் ஆய்வுக்கூட அலமாரியில் இல்லையே! நண்பர்களே, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நடந்து கல் சேர்ப்போம். ஊர்ப்பெயர் எழுதி வைப்போம். முதற் கல்லை என் தந்தையிடம் வாங்கி வருகிறேன்.