அணுகுண்டுக்கு அஞ்சிய வலையா?

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட், அணுயுத்தத்திலும் அழியாதிருக்கவே சிருஷ்டிக்கப்பட்டது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். செய்தியைத் துண்டு துண்டாக்கிப் பல மார்க்கங்களில் அனுப்பும் யோசனையை, அத்தகைய யுத்தபயத்தை முன்னிட்டு 1964இல் பால் பாரன் என்ற பொறியாளர் விஸ்தாரமாக எழுதியது மெய்தான். அவருடைய திட்டமோ கட்டப்படவேயில்லை. பென்டகனில், ஆர்ப்பாநெட்டைத் தொடங்கிவைத்த அதிகாரி ராபர்ட் டெய்லரின் அறையில், தூரத்துக் கணினிகள் மூன்றுக்கு மூன்று தனித்தனி முனையங்கள் இருந்து, ஒன்றைவிட்டு மற்றொன்றுக்குப் போக இடம் மாறி உட்கார வேண்டியிருந்த அசௌகரியமும், விலையுயர்ந்த இயந்திரங்களை ஆராய்ச்சியாளர் பகிர்ந்துகொள்ளவேண்டிய அவசியமுமே (டெய்லரே சொல்லிய காரணம் இது, நண்பர் இதையாவது ஏற்பாராக) அவ்வலையைப் பின்னவைத்தன. மேலும், 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்துக்கு அனுப்பத் தொடங்கிய முதற்செய்தியில் இரண்டெழுத்துப் போனதுமே எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது; அதற்குக் குண்டு எதுவும் தேவைப்படவில்லை.