"ஊத்திக்கிட்டே ஓட்டலாம்" என்ற பதிலோடு ஒரு சண்டை

பசறைப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், வேன் நிறுத்துற இடத்தைக் கேட்காமலே கண்டுபிடிக்கலாம். மண்ணில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். "ஒயில் ஒழுகுதே அண்ணே" என்றால், "பழைய வண்டிதானே தம்பி, ஊத்திக்கிட்டே ஓட்டலாம்" என்பார்கள்.

இந்தப் பதிலோடுதான் எங்களுக்குச் சண்டை. அண்ணன்மாரோடு இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி அனுமதி வந்தது. வந்தும் என்ன, வரியோடு சேர்த்தால் அந்த விலை நம்ம ஆட்களுக்கு எட்டாது. அதனால் தொண்ணூறுகளின் டொல்பினும் டவுன்ஏஸும்தான் இன்றைக்கும் நமக்கு ஸ்கூல் வேன், சந்தை வேன். நடுராத்திரியில் பிரசவ வலி வந்தால் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதே வேன்தான்.

பிரச்சினை இங்கேதான். இந்த டீசல் எஞ்சின்கள் பலவற்றில் முன்பக்கக் கவருக்குள்ளே டைமிங் பெல்ட் ஓடுகிறது. கேம் சீலோ கிராங்க் சீலோ கசிந்தால் ஒயில் முதலில் நனைப்பது அந்த ரப்பர் பெல்ட்டைத்தான். ஒயிலில் ஊறிய பெல்ட் பல்லு கழன்று ஒருநாள் அறுந்துவிடும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் எஞ்சினையே இறக்க வேண்டியதுதான். ஒயில் மட்டம் சரியாக இருந்தாலும் இது நடக்கும். ஊத்துவது எஞ்சினுக்கு ஒயில் கொடுக்கும், பெல்ட்டைக் காப்பாற்றாது.

எங்களில் ஒருவரின் மாமாவுடைய வேன் இப்படித்தான் நமுனுகுல ஏற்றத்தில் நின்றது. உள்ளே பதினோரு பிள்ளைகள், வெளியே மழை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுக்கு முதல் வாரம்தான் ஒரு கராஜில் கவரைச் சுற்றி சிலிகான் பூசிக் கொடுத்திருந்தார்கள். ஒழுக்கு வெளியே தெரியாமல் போனது. உள்ளே பெல்ட் ஊறிக்கொண்டே இருந்தது.

சீல் ஒன்றின் விலை பெரிசில்லை. அதை மாற்ற ஃபேன் பெல்ட், புல்லி, கவர், டைமிங் பெல்ட் எல்லாம் கழற்ற வேண்டும், கூலிதான் கூட. "இந்தச் சின்னச் சீலுக்கா இவ்வளவு?" என்று நாம் பேரம் பேசுகிறோம். பாஸும் சிலிகான் டியூபை எடுக்கிறார். குற்றத்தில் பாதி நம்முடையது.

எங்கள் அபிப்பிராயம் இதுதான்: ஒருமுறை கழற்றினால் எல்லாத்தையும் முடிச்சிடணும். முதலில் எஞ்சினைக் கழுவிக் காய வைத்து, ஸ்டார்ட் பண்ணி, டோர்ச் அடித்து மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். டெப்பட் கவர் கேஸ்கெட்டில் கசிந்தாலும் ஒயில் வழிந்து கிராங்க் புல்லியில்தான் சொட்டும். பழி கிராங்க் சீல் மேல் விழும். பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, போன வாரம் போட்ட புதுச் சீலையும் தள்ளிவிடும். புல்லி கழுத்தில் பழைய சீல் தேய்த்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டால், புதுச் சீல் மட்டும் நிற்காது. ஸ்லீவ் போடணும், இல்லாவிட்டால் சீலைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைக்கணும். ஒயில் பட்ட பெல்ட்டைத் துடைத்துப் போட விடாதீர்கள். புதுசு போடுங்கள்.

இவ்வளவு காசுக்கு வேன்காரர் தனியாக எங்கே போவார்? பிள்ளைகளை அனுப்புகிற வீடுகள் ஒரு மாத வேன் காசை முற்பணமாகக் கொடுக்கலாம். கோயில் திருவிழாவுக்கு லயத்துக்கு லயம் சேர்க்கத் தெரிந்த நமக்கு இது புதுசா என்ன? அந்த வேனில் போகிறது நம்ம தங்கச்சி, தம்பிதானே. நாளைக்குக் காலையில் வேன் கிளம்பின பிறகு, நின்ற இடத்தை ஒருதரம் குனிந்து பாருங்கள்.