சாயம் வெளுத்த உடுப்பு

ஒருவருடைய பொய் வெளிப்பட்டுவிட்டால், "அவருடைய சாயம் வெளுத்துவிட்டது" என்று கூறுவது நம்மவர் வழக்கு. உடுப்பின் சாயம் வெளுப்பதோ பொய்யினால் அன்று, உழைப்பினால். வெயிலும் வியர்வையும் சவர்க்காரமும் நாள்தோறும் சிறிது சிறிதாக அதன் நிறத்தைக் கவர்ந்து செல்கின்றன. நூல் இற்றுப்போகவில்லை, தையல் விடவில்லை, நிறம் ஒன்றே போயிற்று. அந்த ஒன்றன் பொருட்டு நல்ல உடுப்பை அடுப்படித் துணியாக்கிவிடுதல் முறையாகுமா? வீட்டிலேயே, அதுவும் சலவை இயந்திரத்திலேயே, அதற்கு மீண்டும் சாயமூட்ட இயலுமா? இவ்வாரம் இதனையே ஆராயப் புகுகின்றோம்.

கந்தையையும் கசக்கிக் கட்டச் சொன்னவர்கள் நம் முன்னோர். அந்தச் சொல்லின் பொருளைக் காலமும் நமக்குப் பலமுறை கற்பித்தது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலே பிறநாட்டுத் துணி அரிதாயிற்று. 1990 ஆம் ஆண்டின் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்திலே, சவர்க்காரம் கிட்டாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள் நம் தாய்மார்கள். கொடியிலே காய்ந்த அந்த உடுப்பைப் பழவாசனையால் ஈர்க்கப்பட்ட மாடு மென்றுவிட்டுப் போன கதைகளை இன்றும் பலர் சிரித்துக்கொண்டே கூறுவார்கள். 2022 இல் டொலர் ஒன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது துணிக்கடைக்குள் நுழையத் தயங்கிய குடும்பங்கள் பல. அண்ணனுடைய நீலக் காற்சட்டை தம்பிக்கு வருவதில் இழிவு யாதுமில்லை. ஆனால், அது வெளுத்த நீலமாக வரும்போது வகுப்பறையிலே அந்தச் சிறுவனின் மனம் கூசுகிறது. ஒரு பொதி சாயம் அந்தக் கூச்சத்தைப் போக்குமாயின், அதனை அறிந்துவைத்தல் நன்றன்றோ?

சாயமிடுதல் நம் மண்ணுக்குப் புதிய தொழிலும் அன்று. கடலோர மணற்பாங்கான நிலங்களிலே இம்பூறல் என்னும் சிறு பூண்டு வளர்கிறது. அதன் வேரே பழங்காலத்தில் பெயர்பெற்ற சாயவேர். ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின், இவ்வேரைத் தம் கும்பனியின் வாணிகப் பொருளாக்கினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய தலைமை அதிகாரியாக இருந்த சுவார்டகுரூன் 1697 இல் எழுதிவைத்த நிருவாகக் குறிப்பிலும் சாயவேர் இடம்பெறுகிறது. வேர் கிண்டுவதற்கெனவே குறிக்கப்பட்ட மக்கள், வெயிலிலே மணலைத் தோண்டி, கேட்ட அளவு வேரைக் கொடுத்தாக வேண்டியிருந்தது. அந்நாளைய செந்நிறத் துணியின் அழகைப் போற்றுவோர், அதற்காக முதுகு வளைந்தவர்களையும் உடன் நினைத்தல் வேண்டும்.

மாணவர்கள் இங்கே ஓர் இரசாயன நுட்பத்தைக் கவனிக்கலாம். சாயவேரில் உள்ள நிறப்பொருள் அலிசரின் எனப்படும். அது தானாகத் துணியை உறுதியாகப் பற்றுவதில்லை. முதலிலே துணியைப் படிகார நீரில் தோய்த்தால், படிகாரத்திலுள்ள அலுமினியம் துணிக்கும் சாயத்துக்கும் இடையே பாலமாக நிற்கும். நீரிலே கல்சியமும் இருக்குமாயின் சிவப்பு இன்னும் ஒளிபெறும். குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல்லாலானது. அதனால் நம் கிணற்று நீரிலே கல்சியம் மிகுதி. இந்தச் செஞ்சாயத்துக்கு அத்தகைய நீர் நல்ல துணை.

1856 இல் இங்கிலாந்திலே பேர்கின் என்னும் இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு ஊதாச் சாயம் ஒன்றை ஆக்கினார். 1868 இல் செருமனியரான கிரேபேயும் லீபர்மனும் அலிசரினையே ஆய்வுகூடத்தில் ஆக்கிவிட்டனர். அதன்பின் வேர்ச்சாய வாணிகம் உலகெங்கும் வீழ்ந்தது. 1956 இல், பருத்தி நாரோடு இரசாயன முறையிலே பிணைந்து நிற்கும் புதுவகைச் சாயங்கள் விற்பனைக்கு வந்தன. கொதிநீர் வேண்டாது இளஞ்சூட்டு நீரிலேயே வேலை செய்யும் சாயங்களும் இவ்வகையில் உண்டு. இன்று சலவை இயந்திரத்துக்கென விற்கப்படும் சாயப் பொதிகளுட் பல இவ்வினத்தைச் சேர்ந்தவையே. வீட்டிலே சாயமிடுதல் எளிதானது இதனாலேதான்.

எனினும், எளிது என்பதற்காக எல்லாத் துணியையும் இயந்திரத்தில் இட்டுவிடலாகாது. முதலிலே துணியின் இனத்தை அறிதல் வேண்டும். தையலோரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்தெடுத்து, குறட்டினாற் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேலே வைத்துத் தீக்குச்சியாற் கொளுத்திப் பாருங்கள். கடதாசி எரியும் வாசனை எழுந்து, மெல்லிய சாம்பல் எஞ்சினால் அது பருத்தி அல்லது அதன் இனம். மயிர் எரியும் நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. உருகிச் சுருண்டு கடினமான மணியாகத் திரண்டால் பொலியெஸ்டர் போன்ற செயற்கை நார். பருத்திச் சாயம் பொலியெஸ்டரைப் பற்றாது. ஆலைகளிலே அதற்கு வேறினச் சாயத்தை அழுத்தக் கலங்களில் ஏறத்தாழ 130 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏற்றுகிறார்கள். வீட்டு இயந்திரத்தினால் ஆகக்கூடியதன்று அது. பாதி பருத்தி, பாதி பொலியெஸ்டரான துணி பாதி நிறத்தையே ஏற்கும். தையல் நூல் பெரும்பாலும் பொலியெஸ்டராக இருப்பதால், துணி நிறம் மாறினாலும் தையல் பழைய நிறத்திலேயே நிற்கும். பட்டுச் சீலையையும் சரிகைக் கரையையும் இம்முயற்சிக்கு உட்படுத்தாதிருத்தலே நலம்.

இரண்டாவதாக அறியவேண்டியது, சாயம் சுவருக்குப் பூசும் மையைப் போன்றதன்று என்பதாகும். அது பழைய நிறத்தை மறைப்பதில்லை, அதனோடு கலக்கிறது. மஞ்சள் துணியை நீலச் சாயத்தில் இட்டால் பச்சையே தோன்றும். கடுநிறத்தை இளநிறமாக்கச் சாயத்தால் இயலாது. எண்ணெய்க் கறையும் வெயில் பட்டு வெளுத்த திட்டும் புதுச் சாயத்தின் ஊடாகவும் தெரியும். ஆதலின், துணியின் பழைய நிறத்தையே சற்றுக் கடுமையாக்கித் தெரிவு செய்பவர் ஏமாற்றம் அடைவதில்லை. வெளுத்த நீலத்துக்குக் கருநீலமும், வெளுத்த கறுப்புக்குக் கறுப்புமே ஏற்றவை.

இனி, செய்முறையைக் கூறுவோம். உடுப்பை உலர்ந்த நிலையில் நிறுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிராம் துணிக்கு எவ்வளவு சாயம் என்பது பொதியிலேயே குறிக்கப்பட்டிருக்கும். துணி மிகுந்தால் நிறம் குன்றும். பின்னர், அழுக்கும் மணத்திரவப் பசையும் நீங்கத் தோய்த்து, ஈரத்தோடு வைத்திருங்கள். உலர்ந்த துணி நீரைச் சமமாக உறிஞ்சாதாகையால் திட்டுத் திட்டாகச் சாயமேறும். சாயப்பொடியைக் கரைக்கும்போது கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். இப்பொடி சுவாசத்தோடு உட்சென்றால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். குழந்தைகள் அவ்விடத்தை அணுகலாகாது.

மேலே மூடியுடைய இயந்திரமாயின், நீரை வேறாகச் சுடவைத்து, பொதியிற் கூறிய அளவு இளஞ்சூட்டில் ஊற்ற வேண்டும். உப்பும் சலவைச் சோடாவும் தனியே சேர்க்க வேண்டிய பொதியாயின், உப்பை முதலிலும் சோடாவைப் பின்னரும் சேர்ப்பது முறை. நீரிலே பருத்தியும் சாயமும் ஒரே வகை மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பு அந்த விலக்கலைத் தணித்துச் சாயத்தை நாரின் அருகே செலுத்துகிறது; சோடா அதனை நாரோடு பிணைக்கிறது. சோடாவை முந்தி இட்டுவிட்டால், சாயத்தின் ஒரு பகுதி துணியைச் சேருமுன் நீரோடு தாக்கமுற்று வீணாகும். கொதிநீர் வேண்டும் சாயமாயின் அதனை இயந்திரத்தில் இடாது, துருப்பிடிக்காத உருக்குப் பானையிற் செய்க. அப்பானையை மறுபடி சமையலுக்கு எடுத்தலாகாது. சோடா அலுமினியத்தை அரிக்குமாதலால் அலுமினியப் பானையும் உதவாது.

வேலை முடிந்தபின் வெந்நீரும் சலவைத்தூளும் இட்டு இயந்திரத்தை ஒருமுறை வெறுமையாக ஓட்டுங்கள். முன்புறக் கதவுடைய இயந்திரத்தின் இறப்பர் மடிப்புகளைத் துடைத்துவிடுங்கள். அடுத்த தோய்ப்பில் கடுநிற உடுப்புகளையே இடுங்கள். ஞாயிறு மாலையில் இதனை மறந்து பாடசாலை வெள்ளைச் சீருடையை உள்ளே போட்ட வீட்டிலே, திங்கட்கிழமை காலை எப்படி விடியும் என்பதை நாம் விரிக்க வேண்டுவதில்லை!

நீரைப் பற்றி முன்னே தொட்டோம். சாயவேருக்குத் துணைநின்ற அதே கல்சியம் இக்காலச் சாயத்துக்கு இடையூறாகிறது. சவர்க்காரத்தோடு சேர்ந்து அது பசைபோன்ற வெண்படிவாகிறது. சோடாவோடு சேர்ந்து சுண்ணாம்புத் தூளாகித் துணியிற் படிந்து நிறத்தை மங்கச் செய்கிறது. இதற்கு மாற்று நம் கூரையிலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாத மழைநீரைத் தூய பாத்திரத்திலே பிடித்துவைத்து, சாயம் கரைக்கும் நீராக மட்டும் அதனைப் பயன்படுத்துங்கள். அலசுவதற்குக் கிணற்று நீர் போதும். மாணவர்கள் ஒரே துணியின் இரு துண்டுகளை எடுத்து, ஒன்றைக் கிணற்று நீர்ச் சாயத்திலும் மற்றதை மழைநீர்ச் சாயத்திலும் இட்டு ஒப்பிடட்டும். தம் வீட்டுக் கிணற்றின் இயல்பை அவ்விரு துண்டும் நன்கு விளக்கும்.

நிறைவாகக் கூறுவதே எல்லாவற்றிலும் முதன்மையானது. எஞ்சிய சாயநீரை எங்கே ஊற்றுவது? திருப்பூரின் சாயப்பட்டறைகள் இக்கேள்வியை நெடுநாள் எண்ணாதிருந்தன. பாசனத்துக்கென 1992 இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அதன் நீர் வேண்டாம் என்று உழவர்களே கூறும் நிலை வந்தது. 2011 சனவரியிலே சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடுமாறு ஆணையிட நேர்ந்தது. அங்கே கழிவைத் தாங்கியது நொய்யல் ஆறு. நமக்கோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மழை பெய்து, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கித் தங்கும் நீரே நம் உயிர்நீர். சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளிலே எண்ணெய் கலந்த வழக்கிலே 2019 இல் நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நாம் மறக்கவில்லை. நிலத்தில் ஊற்றியது நிலத்திலே நிற்பதில்லை. நம் வாளிக்கே திரும்பி வருகிறது.

ஒரு வீட்டின் ஒருநாட் சாயநீர் சிறிதே. ஊர் முழுவதும் ஊற்றினால் அது சிறிதாகாது. ஆகவே, துணிக்கு அளவான சாயத்தையே கரையுங்கள். சாயமிட்ட நீரில் நிறம் எஞ்சியிருந்தால், தலையணை உறை, நிலந்துடைக்கும் துணி முதலியவற்றை அதிலே இட்டு, இயன்ற மட்டும் நிறத்தை வாங்கிக்கொள்ளுங்கள். குரோமியம், செம்பு கலந்த சாய உப்புகளை வீட்டுக்குள் கொணராதீர்கள். உப்பும் சோடாவும் பயிரைக் கெடுக்குமாதலால் வாழையடியிலும் ஊற்றலாகாது. உங்கள் கிணற்றுக்கும் அயல்வீட்டுக் கிணற்றுக்கும் எட்டத்தில் உள்ள கழிவுநீர்க் குழியே அதற்குரிய இடம். அத்தகைய குழி இல்லாத வளவாயின், இரண்டு கிணறுகளுக்கும் நடுவே நின்றுகொண்டு சாயப்பொதியைப் பிரிக்க வேண்டாம். அந்தக் காற்சட்டை வெளுத்தே இருக்கட்டும்.