சென்னையில் மட்டராஸ்ஸி: மூன்று பருவங்கள் விட்டுச் சென்றது என்ன?

2006 ஜூலை 9ஆம் தேதி பெர்லினில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், பிரான்ஸ் அணித்தலைவர் ஸினடின் ஸிடான் தலையால் மோதியதில் நிலத்தில் சாய்ந்தவர் என்றே மார்க்கோ மட்டராஸ்ஸியை உலகில் பெரும்பாலானோர் அறிவர். பிரான்ஸுக்கு அன்று பெனால்டி கிடைக்கக் காரணமானவரும், பின்னர் இத்தாலிக்காகச் சமன் செய்யும் கோலை அடித்தவரும் அவரே என்பது அந்த ஒரு காட்சியில் மறைந்துபோனது. ஆனால் சென்னையில் அவருக்கு வேறொரு அடையாளம் உண்டு: நகரத்திற்கு இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் கிண்ணத்தைப் பெற்றுத்தந்த பயிற்சியாளர்.

2014இல் லீக் தொடங்கப்பட்டபோது சென்னையின் எஃப்சி அவரை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருசேர நியமித்தது. அப்போது அவருக்கு வயது 41. இன்டர் மிலானில் பத்தாண்டுகள் ஆடி 2011இல் விலகியிருந்தார். பயிற்சியாளராக முன் அனுபவம் ஏதும் இருக்கவில்லை. இந்த நியமனம் அன்று வியப்பை ஏற்படுத்தவில்லை. புதிய லீக்கிற்கு முதலில் தேவைப்பட்டவை பெயர்களே. ஐரோப்பாவில் ஆட்ட வாழ்வை முடித்துக்கொண்டவர்களை வரவழைத்து, திரைநட்சத்திரங்களையும் கிரிக்கெட் வீரர்களையும் உரிமையாளர்களாக அமர்த்திப் பார்வையாளர்களை ஈர்ப்பதே அதன் வணிகத் திட்டம். சென்னை அணியிலும் அபிஷேக் பச்சனும் மகேந்திர சிங் தோனியும் பங்குதாரர்களாக இருந்தனர்.

பெயருக்காக வந்தவர் அணியைப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுசென்றார். அரையிறுதியில் கேரள அணியிடம் கொச்சியில் 0-3 எனத் தோற்று, சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் சிவப்பு அட்டை பெற்று அவரே வெளியேற நேர்ந்தது. அதன் பிறகும் சக வீரர்கள் மூன்று கோல்களையும் ஈடுசெய்தனர். கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோலால்தான் வாய்ப்பு நழுவியது. அந்தப் பருவத்தின் நடுவில், ஓய்வு பெற்றிருந்த அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டாவைச் சென்னைக்கு அழைத்து வந்தவரும் அவரே. 2006 உலகக் கோப்பையில் நெஸ்டா காயமடைந்ததால்தான் மட்டராஸ்ஸிக்கு இடம் கிடைத்தது என்பதை நினைவில் வைத்திருப்போர் இதனை ஒரு கடன் தீர்ப்பாகவும் கண்டிருக்கலாம்.

வெள்ளமும் வெற்றியும்

2015ஆம் ஆண்டுப் பருவமே அவரது பெயரை நிலைநாட்டியது. முதல் பத்து ஆட்டங்களில் அணிக்குக் கிடைத்தவை 10 புள்ளிகளே. எஞ்சிய நான்கு ஆட்டங்களையும் வென்று அது அரையிறுதிக்குள் நுழைந்தது. அதற்குள் டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் சென்னை மூழ்கியது. சொந்த மைதானத்தில் நடந்திருக்க வேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. தன் ரசிகர்கள் வெள்ளத்தில் சிக்கியிருக்க, வேற்றூரில் கொல்கத்தாவை அணி 3-0 என வென்றது. டிசம்பர் 20ஆம் தேதி கோவாவின் ஃபதோர்டா அரங்கில், பிரேசிலின் ஸீக்கோ பயிற்றுவித்த உள்ளூர் அணிக்கு எதிரான இறுதியாட்டத்தில் கடைசி நிமிடங்கள் வரை 1-2 எனப் பின்தங்கியிருந்து, 3-2 எனக் கிண்ணத்தை வென்றது. வெற்றி கோலை அடித்த கொலம்பிய வீரர் ஸ்டீவன் மென்டோஸா அப்பருவத்தில் 13 கோல்களுடன் முதலிடம் பெற்றார்.

இந்த வெற்றியை நுணுக்கமான ஆட்ட உத்திகளின் விளைவு எனக் கொள்வது மிகையாகும். ஏறத்தாழ இரண்டரை மாதங்களில் முடிந்துவிடும் போட்டியில் ஓர் அமைப்பைக் கட்டியெழுப்ப அவகாசமில்லை. குறுகிய காலத்தில் பல நாட்டவரை ஒரே அணியாகத் திரட்டி, தோல்வியின் விளிம்பில் அவர்களைத் தளரவிடாமல் காப்பதே அங்கு பயிற்சியாளரின் பணி. ஜோஸே மொரின்யோவின்கீழ் இன்டரில் ஆடிய மட்டராஸ்ஸிக்கு அது கைவந்திருந்தது. அரசியலில் இயக்கத்தைத் திரட்டுவோர் எல்லோரும் நிர்வாகிகளாக நிலைப்பதில்லை. 2016இல் எட்டு அணிகளுள் சென்னைக்குக் கிடைத்தது ஏழாமிடம். 2017இல் அவர் விலகினார். அதன் பின்னர் பயிற்சியாளராக அவர் பெயர் பெறவில்லை. அவருக்குப் பின் வந்த ஆங்கிலேயரான ஜான் கிரகரி, நீண்டதாக மாற்றப்பட்ட 2017-18 பருவத்தில் சென்னைக்கு இரண்டாவது கிண்ணத்தை ஈட்டினார்.

உள்ளூர் வீரர்கள்

இதனால் தமிழகக் கால்பந்தாட்டம் பெற்றது என்ன என்ற கேள்வி எழுகிறது. களமிறங்கும் 11 பேரில் ஆறு வெளிநாட்டவர் வரை ஆடலாம் என்பது அன்றைய விதி. கிடைத்த ஐந்து இடங்களில் மிசோரமைச் சேர்ந்த ஜேஜே லால்பெக்லுவா போன்றோர் முன்னேறினர். மட்டராஸ்ஸியின் அணியில் அவர் வளர்ந்தது உண்மை. வடசென்னையின் வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ் ஒரு விதிவிலக்கு. கால்பந்தாட்டம் வேரூன்றிய அந்தப் பகுதி அணியின் கிண்ணத்தைக் கொண்டாடியது. அணியில் அதன் பங்கு சிறிதாகவே இருந்தது.

உள்ளூர் வீரர்களுக்கான வழி வேறிடத்தில் திறந்தது. 2016-17இல் ஐ-லீக்கில் சேர்ந்த சென்னை சிட்டி எஃப்சி, கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு, சில ஸ்பானிய வீரர்களுடன் தமிழ் இளைஞர்கள் பலரையும் ஆடவைத்து 2018-19இல் பட்டம் வென்றது. திரைநட்சத்திரங்களோ உலகக் கோப்பை வீரர்களோ அங்கிருக்கவில்லை. அந்த அணியில் ஆடிய தமிழர்களுள் ஒருவரான எட்வின் சிட்னி வான்ஸ்பாலைப் பின்னாளில் சென்னையின் எஃப்சி தன் அணியில் சேர்த்துக்கொண்டது.