டிரிப்புக்கு டிரெஸ் எடுக்கறதுக்கு முன்னாடி 7 கிலோ கணக்கு ஒண்ணு போடுங்க

டிரிப் பட்ஜெட் போடும்போது டிக்கெட், ரூம், சாப்பாடு மூணையும் கரெக்டா எழுதிடறோம். ஆனா டிரிப்புக்காக எடுக்கற துணியை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. கோவாவுக்கு ரெண்டு பிரிண்டட் ஷர்ட், ஊட்டிக்கு ஒரு ஜாக்கெட், சிங்கப்பூருக்கு ஒரு ஷூன்னு அது தனியா கார்டுல போயிடுது. மாசம் 30,000 ரூபாய் சம்பளம் வாங்கறவங்களுக்கு உண்மையான எக்ஸ்ட்ரா லக்கேஜ் இதுதாங்க.

என் கருத்து இதுதான்: கேபின் பையோட 7 கிலோ லிமிட்டை ஒரு தொல்லையா பார்க்காதீங்க. அதையே உங்க டிரெஸ் பட்ஜெட்டா வச்சுக்கோங்க. அந்தப் பைக்குள்ள அடங்காத துணி உங்க டிரிப்புக்குத் தேவையில்லாத துணி.

பைக்குள் என்ன வரும்?

2021 பிப்ரவரியில், செக்-இன் லக்கேஜ் இல்லாத பயணிகளுக்குக் குறைந்த விலையில் டிக்கெட் விற்க டிஜிசிஏ அனுமதி கொடுத்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 'எக்ஸ்பிரஸ் லைட்' இந்த வகைதான். உள்நாட்டு விமானங்களில் கேபின் பைக்குப் பொதுவாக 7 கிலோ. கோவையிலிருந்து சிங்கப்பூர் போகும் ஸ்கூட்டில் 10 கிலோ. டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும்கறதால புக் பண்ணும்போதே எடையைப் பார்த்துக்கோங்க.

முதல்ல பையோட எடையைப் பாருங்க. சக்கரம் வச்ச ஹார்டு டிராலி காலியாவே இரண்டரை கிலோவைத் தாண்டும். சாதாரண பேக்பேக் 1 கிலோ. சம்பளத்துல பாதியை இஎம்ஐ தின்னுட்டா மீதியில என்ன பண்ண முடியும்? அதே கதைதான் இங்கேயும்.

நாலு நாள் டிரிப்புக்குத் தோராயமா கணக்கு இது: பேக்பேக் 1 கிலோ, மூணு டி-ஷர்ட் 600 கிராம், ரெண்டு ஷர்ட் 500, ஒரு காட்டன் பேன்ட் 450, நைட் பேன்ட் 250, உள்ளாடை, சாக்ஸ் 400, துண்டு 200, மெல்லிய ஜாக்கெட் 500, செருப்பு 400, சோப்பு பிரஷ் வகையறா 500. மொத்தம் 4.8 கிலோ. ஜீன்ஸும் ஷூவும் அதிக எடை, அதனால அதைப் போட்டுட்டே ஏறிடுங்க. மீதி 2 கிலோ சார்ஜருக்கும், அம்மா கட்டிக் கொடுக்கற முறுக்குக்கும்!

அஞ்சு மேல்சட்டை, ரெண்டு பேன்ட். எல்லா மேல்சட்டையும் ரெண்டு பேன்ட்டுக்கும் பொருந்தற கலரா இருந்தா 10 செட் கிடைக்குது. நாலு நாளைக்கு இது தாராளம். பெண்களுக்கும் இதே கணக்குதான்: குர்தி, டாப் சேர்த்து அஞ்சு, பலாசோ, லெக்கிங்ஸ் சேர்த்து ரெண்டு. வழியில ஒரு ஃபங்ஷன் இருந்தா ஒரு கோவை கோரா காட்டன் சேலை போதும். பட்டும் பருத்தியும் கலந்தது, ஆபீசுக்கும் கட்டலாம், கல்யாணத்துக்கும் கட்டலாம்.

ஷோரூமுக்கு முன்னாடி திருப்பூர்

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போகிற திருப்பூர், நம்ம கோவையிலிருந்து 50 கிலோமீட்டர்தான். அப்படியிருந்தும் ஒரு பிளெயின் டி-ஷர்ட்டுக்கு மால்ல 1,500 ரூபாய் கொடுக்கறோம். காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சின சரக்கும் செகண்ட்ஸும் கிடைக்குது. அங்க லேபிளைப் பார்த்து வாங்காதீங்க, துணியைப் பார்த்து வாங்குங்க. 180 ஜிஎஸ்எம்மான்னு கேளுங்க, பக்கத் தையல் முறுக்கிக்காம நேரா வருதான்னு பாருங்க, கழுத்து ரிப்பை இழுத்துவிட்டா பழையபடி சுருங்குதான்னு பாருங்க. துண்டுக்கும் கனமான டர்க்கி டவல் வேண்டாம். சென்னிமலைப் பக்கம் நெய்யற மெல்லிசான பருத்தித் துண்டு போதும், சீக்கிரம் காயும்.

விலையை எத்தனை தடவை போடுவோம்னு வகுத்துப் பாருங்க. 300 ரூபாய் டி-ஷர்ட்டை 60 தடவை போட்டா ஒரு தடவைக்கு 5 ரூபாய். 2,400 ரூபாய் ஜாக்கெட்டை ஊட்டியில ரெண்டே தடவை போட்டா ஒரு தடவைக்கு 1,200 ரூபாய். அதுக்கு ஃப்ரெண்டுகிட்ட கேட்டு வாங்கிட்டுப் போறதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லைங்க.

ஜிஎஸ்டியையும் கவனிங்க. 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5%, அதுக்கு மேல 18%. 2,500 ரூபாய் ஷர்ட்டுக்கு வரி 125. விலை 2,600 ஆனா வரி 468! 'நோ காஸ்ட் இஎம்ஐ'ன்னு எடுத்தாலும் பிராசஸிங் ஃபீஸும் வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டியும் பெரும்பாலும் உங்க தலையிலதான் விழும்.

"போட்டோவுல ஒரே டிரெஸ்தானே வரும்?"

நிறைய பேர் கேட்கற கேள்வி இது. நியாயம்தான், வயசு அப்படி. ஆனா அந்த போட்டோவோட விலையையும் பாருங்க. ஒரு டிரிப்புக்கு 6,000 ரூபாய் துணின்னு வச்சுக்கிட்டா, வருஷத்துக்கு மூணு டிரிப்புக்கு 18,000. அதாவது மாசம் 1,500. அதை எஸ்ஐபியில் போட்டு, வருஷம் 10% வளருதுன்னு வச்சுக்கிட்டா, 10 வருஷத்தில் சுமார் 3.1 லட்சம். ரிட்டர்னுக்கு கேரண்டி கிடையாது. ஆனா துணியில போட்ட பணம் திரும்பி வராதுங்கறதுக்கு கேரண்டி உண்டு.

டிரெஸ்ஸே எடுக்காதீங்கன்னு சொல்லலை. டிரிப்புக்கு ஒண்ணு எடுங்க, ஆனா அது திரும்பி வந்து ஆபீசுக்கும் போடற மாதிரி இருக்கட்டும். நெருங்கின சொந்தத்துல கல்யாணம், குளிர் நாட்டுல வேலைன்னா செக்-இன் லக்கேஜுக்குக் காசு கொடுத்துத்தான் ஆகணும், அது தேவை.

அடுத்த டிரிப்புக்கு கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பீரோவைத் திறந்து, இருக்கற துணியிலேயே அந்த 10 செட் வருதான்னு பாருங்க. பையைத் தூக்கிட்டு வெயிங் மெஷின்ல ஏறி நில்லுங்க, உங்க எடையைக் கழிச்சிடுங்க. எத்தனை கிலோ வந்ததுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவில் பார்க்கலாம்ங்க!