தோற்றவனுக்கு இரண்டாவது வாய்ப்பு, தோற்றவளுக்கு?

சினிமாவில் ஒரு வகைக் கதை உண்டு. ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த இசைக் கலைஞர் ஒருவர் இருப்பார். இன்று அவரைத் தேடி யாரும் வருவதில்லை. கையில் காசில்லை, ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. அவர் விழுவதையும் உளறுவதையும் பார்த்து நாம் வயிறு வலிக்கச் சிரிப்போம். கடைசியில் அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும். நாமும் மனம் நிறைந்து எழுந்து போவோம்.

2003இல் வெளிவந்த 'ஸ்கூல் ஒஃப் ரொக்' என்ற அமெரிக்கப் படம் இந்த வகையைச் சேர்ந்தது. தன்னுடைய இசைக்குழுவிலிருந்தே விரட்டப்பட்ட கிட்டார் கலைஞன் ஒருவன், நண்பனின் பெயரைச் சொல்லி ஒரு பாடசாலைக்குள் ஆசிரியராகப் புகுந்துவிடுகிறான். அங்குள்ள பிள்ளைகளைக் கொண்டே ஓர் இசைக்குழுவை உருவாக்குகிறான். பொய் வெளிப்பட்ட பிறகும் பிள்ளைகள் அவனைக் கைவிடுவதில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான படம் 2017இல் வந்த 'சீக்ரட் சுப்பர்ஸ்டார்' என்ற ஹிந்திப் படம். அத்வைத் சந்தன் இயக்கியது. அதில் ஆமிர் கான், சக்தி குமார் என்ற இசையமைப்பாளராக வருகிறார். வாயையும் குணத்தையும் அடக்கத் தெரியாததால் பெயர் கெட்டுப்போனவர் அவர். நல்ல பாடகர்கள் எவரும் அவரோடு வேலை செய்ய விரும்புவதில்லை. அவருடைய உடையும் பேச்சும் வீண் பெருமையும் படம் முழுக்கச் சிரிப்பை மூட்டுகின்றன.

அவருக்கு இரண்டாவது வாய்ப்பைக் கொடுப்பது யார் தெரியுமா? வதோதரா நகரில் வாழும் பதினைந்து வயது முஸ்லிம் பாடசாலை மாணவி, இன்ஸியா. பாடுவதற்கு வாப்பாவின் அனுமதி கிடைக்காது என்பதால், புர்கா அணிந்து முகத்தை மறைத்துப் பாடி யூடியூப்பில் பதிவிடுகிறாள். அதற்கான மடிக்கணினியை, தன் தங்க மாலையை விற்று வாங்கிக் கொடுத்தவர் அவளுடைய உம்மா நஜ்மா. அந்தக் குரலைக் கேட்டு சக்தி குமார் அவளை மும்பைக்கு அழைக்கிறார். அங்கே முதலில் அவள் பாடிய விதம் சரிவரவில்லை. பாட்டை ஆரவாரம் இல்லாமல் வேறு விதமாகப் பாடிப் பார்க்கலாம் என்று அவளே சொல்கிறாள். சக்தி குமார் அதற்குச் செவிசாய்க்கிறார். அவருடைய வாழ்க்கை திரும்பும் இடம் அதுதான். ஒரு சிறுமி சொல்வதைக் கேட்டதற்காக ஒரு பெரிய மனிதருக்கு இன்னொரு காலம் பிறக்கிறது.

ஆனால், அதே படத்தில் நஜ்மாவையும் பாருங்கள். கணவனிடம் அடி வாங்கி வாங்கியே பல வருடங்களைக் கழித்தவர். வயிற்றில் இருப்பது பெண் பிள்ளை என்று தெரிந்ததும் வீட்டார் அதை அழிக்கச் சொன்னபோது, ஓடிப்போய் இன்ஸியாவைப் பெற்றெடுத்தவர். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, எதையும் கெடுத்துக்கொள்ளவில்லை. அப்படியிருந்தும் அவருக்கு முதல் வாய்ப்பே கிடைக்கவில்லை. ரியாதுக்குக் குடிபெயரவும் அங்கே இன்ஸியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கவும் வாப்பா முடிவெடுத்துவிடுகிறார். விமான நிலையத்தில், மகளின் கிட்டாரை வீசிவிடச் சொல்லும் இடத்தில்தான் அந்த உம்மா முதன்முறையாக எதிர்த்து நின்று, விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார். அந்தக் காட்சியில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. சக்தி குமார் விழும்போது நாம் ஏன் சிரிக்கிறோம்? அவர் எழுந்துவிடுவார் என்று நமக்குத் தெரியும். ஆணின் தோல்வி தற்காலிகமானது என்று நாம் எல்லோரும் உள்ளுக்குள் நம்புகிறோம். அதனால்தான் அது நகைச்சுவையாகிறது. பெண்ணின் தோல்வி அப்படியல்ல. ஒரு முறை தோற்றால் அத்தோடு முடிந்தது என்ற பயம் அதில் இருக்கிறது. அதை வைத்து யாராலும் நகைச்சுவைப் படம் எடுக்க முடியாது.

இது சினிமாவில் மட்டும் உள்ள வித்தியாசமா? உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் நமது வீடுகளை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக்காக இந்தப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்ற நமது நாடு இடமளிக்கிறது. அந்த விதியில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை. இஸட் புள்ளியும் யாருடைய பெயரையும் பார்ப்பதில்லை. ஆனால் வீட்டின் விதி வேறாக இருக்கிறது. நானா முதல் தடவை வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டால், "கிரிக்கெட் விளையாடித் திரிஞ்சா இப்படித்தான்" என்று உம்மா ஏசுவார், சாச்சா கேலி செய்வார், எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த வாரமே அவரைக் கண்டியில் ஒரு நல்ல வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். இரண்டாம் தடவை, தேவைப்பட்டால் மூன்றாம் தடவை. ராத்தாவுக்கு அதே பெறுபேறு வந்தால் வீட்டில் யாரும் ஏசுவதுமில்லை, சிரிப்பதுமில்லை. எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். "பரவாயில்லை மகள், படிச்சது போதும்" என்று அன்பாகச் சொல்வார்கள். ஓரிரு மாதத்தில் சம்பந்தம் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த "பரவாயில்லை" என்ற வார்த்தைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏச்சில்கூட ஒரு நம்பிக்கை இருக்கிறது, நீ இதைவிட நன்றாகச் செய்யக்கூடியவன் என்று அது சொல்கிறது. இந்தப் பரவாயில்லையோ கதவைச் சத்தமில்லாமல் மூடிவிடுகிறது.

எல்லா வீடுகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. உக்குவளையிலும் கலேவெலவிலும் மாத்தளை நகரிலும், மகளை இரண்டாம் தடவை எழுத வைத்து ஆசிரியையாகவும் வைத்தியராகவும் ஆக்கிய பெற்றோர் இருக்கிறார்கள். பெற்றோரின் கவலைகளும் பொய்யல்ல. மேலதிக வகுப்புக்குப் பணம் வேண்டும். மாலை வகுப்பு முடிந்து கண்டியிலிருந்து பஸ்ஸில் திரும்பும் மகளை நினைத்துப் பதறும் மனம் எங்களுக்கும் புரியும். வயது போகிறதே என்று அக்கம்பக்கத்தவர் கேட்பதும் உண்மை. ஆனால் நமக்காகச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் நகையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நஜ்மா ஒரு மாலையை விற்றதால் அவருடைய மகள் ஏழையாகிவிடவில்லை. ஒரு வளையல் குறைந்தாலும் ஒரு வருடப் படிப்பு கூடினால் அது நட்டமா?

இந்தப் படத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடங்களும் இருக்கின்றன. பாடசாலையை விட்டுவிட்டு, வீட்டுக்குத் தெரியாமல் விமானமேறி மும்பைக்குப் போவதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அவள் ஏன் ஒளிக்க நேர்ந்தது என்று கேட்காமல் அவளை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. வீட்டில் கேட்க ஒரு காது இருந்திருந்தால் அவள் பொய் சொல்லியிருக்க மாட்டாள். மனைவியை அடிக்கும் ஆணை ஒரு முஸ்லிம் வீட்டில் வைத்துக் காட்டுவதால், இது நமது சமூகத்தின் நோய் மட்டும்தான் என்று பிறர் நினைக்கவும் இடமுண்டு. அது எல்லாச் சமூகத்திலும் உள்ள நோய். இறுதியில் விருது மேடையில் இன்ஸியா புர்காவைக் கழற்றுவதை ஒரு விடுதலை போலக் காட்டுகிறார்கள். ஆனால் அவளுடைய குரலை உலகத்துக்கு எடுத்துச் சென்றதே அந்தப் புர்காதான். அவளை அடைத்து வைத்தது துணியல்ல, அவள் சொல்வதை யாரும் கேட்காத வீடுதான். இன்ஸியாவாக நடித்த ஸாயிரா வசீம், அந்தத் தொழில் தன்னுடைய ஈமானைப் பாதிக்கிறது என்று கூறி 2019இல் திரைத்துறையை விட்டே விலகினார். புகழோடு இருக்கும்போது விலகுவதும் ஒரு பெண் தன் பாதையைத் தானே மறுபடி தெரிவு செய்வதுதான். முதல் முடிவே கடைசி முடிவாக இருக்க வேண்டியதில்லை.

நமது மார்க்கமும் இதற்கு அந்நியமல்ல. தவ்பாவின் வாசல் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று வைக்கப்படவில்லை. பெரிய பாவத்துக்கே திரும்பி வர வழி இருக்கும்போது, ஒரு பாடத்தில் எஃப் எடுத்ததற்கு வழி இல்லையா?

சகோதரிகளே, நமக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. இன்ஸியா சக்தி குமாரிடம் பணம் கேட்கவில்லை. அவருடைய முன்னாள் மனைவிக்காக வாதாடிய வக்கீலைத் தன் உம்மாவுக்காகச் சந்திக்க வேண்டும் என்று கேட்டாள். தனக்கு என்ன வேண்டும் என்பதை அவள் தெளிவாக அறிந்திருந்தாள். நாமும் பெறுபேறு வந்த அன்று அறைக்குள் அழுதுகொண்டு இருந்துவிடாமல், என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதி வாப்பாவிடம் கொடுக்கலாம். எந்தப் பாடத்தில் எவ்வளவு குறைந்தது, அதை எப்படிக் கூட்டுவது, எந்த வகுப்பு, எவ்வளவு செலவு, யாரோடு போய் வருவது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டாவது வாய்ப்பு என்பது பல்கலைக்கழகம் மட்டுமல்ல. கல்வியியற் கல்லூரி இருக்கிறது, தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, வீட்டில் இருந்துகொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. கலியாணத்துக்குப் பிறகு படித்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அன்பான உம்மா, வாப்பாமாரே, நாங்கள் எல்லோரும் முதல் தடவையிலேயே சித்தியடைய வேண்டும் என்றுதான் துஆ செய்கிறோம். அப்படி நடக்காத வீடுகளும் இருக்கத்தான் செய்யும். அங்கே எங்களையும் நானாமாரை ஏசுவது போல நன்றாக ஏசுங்கள். ஏசி முடித்த பிறகு, அவர்களிடம் கேட்கும் அதே கேள்வியை எங்களிடமும் கேளுங்கள்: "என்ன மகள், திரும்ப எழுதுவமா?"