பழைய விமானமும் நல்ல நேரமும்

பெருந்தனக்காரர்கள் ஏறிப் பறக்கும் சிறு ஜெட் விமானத்துக்கும் எறையூர்க் கரும்புக் குடியானவருக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. ஆறு பேர், எட்டுப் பேர் ஏறும் அவ்விமானங்களில் பலவும் ஒருவர் ஓட்டிக் கழித்து மற்றொருவர் வாங்குபவையே. எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர்களிலும் கைமாறி வந்தவை உண்டு. இரண்டுக்கும் ஓடிய மணிதான் கணக்கு.

பழைய விமானம் வாங்குகிறவர் முதலில் லாக் புத்தகத்தைக் கேட்கிறார். எத்தனை மணி பறந்தது, எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் உள்ளே காற்றழுத்தம் ஏறித் தணிவதால், வளைத்து வளைத்து நிமிர்த்திய கம்பியைப் போல உடல் தகடு தளர்கிறது. என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க எத்தனை மணி பாக்கி என்று கேட்கிறார். அந்தச் செலவு கோடிக்கணக்கில் போகும். விற்பவருக்கு உறவில்லாத பட்டறையில் விட்டு, என்ஜினுக்குள் குழல் காமிராவைச் செலுத்திப் பார்க்கிறார். விமானத்தின் மேல் கடன் உண்டா என்று, 2001-ஆம் வருஷத்துக் கேப்டவுன் உடன்படிக்கையின்படி ஏற்பட்ட சர்வதேசப் பதிவேட்டில் தேடுகிறார். விற்பவர் பெரிய பக்திமான் என்பதற்காக இதில் ஒன்றையாவது தள்ளிவிடுகிறாரா?

இத்தனையும் பார்த்த பிறகு எலுமிச்சம்பழம் எதற்கு? ஏழைக் குடியானவன்தான் அறியாமையால் வைக்கிறான் என்று சொல்லவும் வழியில்லை. 2019 அக்டோபர் 8-ந் தேதி, பிரான்சு தேசத்தில் ரபேல் போர் விமானத்தைப் பெற்றுக்கொண்ட இராணுவ மந்திரி ராஜ்நாத் சிங், அதற்குப் பூஜை போட்டுச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்ததை உலகமே பார்த்தது.

விஜய் மல்லையாவின் கதையைக் கவனியுங்கள். 1998-இல் சபரிமலைக் கோவிலுக்குத் தங்கத் தகடு வேய்ந்தவர் அவர். 2012 அக்டோபரில் அவருடைய கிங்பிஷர் விமானங்கள் நின்றன. சிப்பந்திகளுக்குச் சம்பளம் பாக்கி. அந்த டிசம்பரிலேயே தம் பிறந்த நாளுக்குத் திருப்பதியில் மூன்று கிலோ தங்கம் செலுத்தினார். சம்பளமில்லாதவன் வீட்டு அடுப்பைப் பற்றி ஏழுமலையானுக்கு என்ன கவலை! பிறகு அவருடைய சொந்த விமானத்தை (இது சிறிய ரகமல்ல, பெரிய ஏர்பஸ்) வரி இலாகா பிடித்து ஏலம் போட்டது. 2016-இல் குறைந்த விலை 152 கோடி என்றார்கள். வந்த கேள்வியோ 1 கோடியே 9 லட்சம்! கடைசியில் 2018-இல் சுமார் 35 கோடிக்குப் போயிற்று. வருஷக்கணக்காய் நின்ற யந்திரத்துக்கு வாங்குகிறவன் தன் கணக்கைத்தான் போடுவான். கோவிலுக்குத் தங்கம் கொடுத்தவருடைய விமானமாயிற்றே என்று ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டவர் உண்டா?

பணம் போனால் போகட்டும், உயிர் விஷயம் அப்படியல்ல. 2016 டிசம்பர் 7-இல் பாகிஸ்தானில் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று விழுந்து 47 பேர் மாண்டார்கள். பதினோரு நாள் கழித்து, அதே ரக விமானம் ஒன்று புறப்படுமுன், இஸ்லாமாபாத் நிலையத்தில் சிப்பந்திகள் கறுப்பு ஆட்டை அறுத்துப் பலி கொடுத்தார்கள். ஆண்டவன் பெயர்தான் வேறு. ஆட்டின் கழுத்து எங்கும் ஒன்றே. விசாரணையில் தெரிந்தது என்ன? 10,000 மணி ஓடியதும் மாற்ற வேண்டிய டர்பைன் தகடுகளை, என்ஜினைப் பிரித்தபோதும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். அதில் ஒன்று ஒடிந்தது. ஆடு அந்தத் தகட்டுக்கு என்ன செய்ய முடியும்?

ஆதலால், எறையூர்ப் பக்கம் பழைய டிராக்டருக்கு அச்சாரம் கொடுக்கப் போகும் தோழர்கள் சோசியருக்குக் கொடுக்கும் தட்சணையை ஒரு நல்ல மெக்கானிக்குக்குக் கூலியாய்க் கொடுத்து உடன் அழைத்துப் போகட்டும். மணி மீட்டர் ஓடுகிறதா, அறுத்துவிடப்பட்டதா என்று அவர் பார்ப்பார். ஆர்.சி. புத்தகத்தில் பாங்கின் அடமானக் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்ததென்று பாங்கு கையெழுத்திட்ட 35-ஆம் நம்பர் படிவம் கைக்கு வரும்வரை பாக்கிப் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளட்டும். அன்று இராகு காலமாயிருந்தாலும் படிவம் செல்லும்.